களரும் உவரும்: வேற்றுமை அறிவிக்கும் ரஸாயனம்

பூவிருந்தவல்லி, ஆவடி தாலூக்காக்களில் ஏரிப் பாசனத்துக்கு உட்பட்ட தாழ்ந்த வயல்களைக் கோடை மாதங்களில் சுற்றி வருவோர், ஆங்காங்கே சில வயல்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெண்மை பூத்துக் கிடப்பதைக் காணலாம். அத்தகைய நிலத்தில் நாற்று நட்டால் வேர் பிடிக்கத் தாமதமாகும்; பிடித்தாலும் இலை நுனி கருகிப் பயிர் திட்டுத்திட்டாக நிற்கும். நிலச் சொந்தக்காரர் நம்மைக் கண்டதும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "உப்புப் பூத்துவிட்டதே, ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம்?" மூட்டைக் கணக்கு ஒன்றை உடனே சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதற்கு முன் வேறொரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். பூத்திருப்பது எந்த உப்பு? அதை அறியாமல் ஜிப்சம் வாங்குவது, ஜுரம் என்று கேட்ட மாத்திரத்தில் என்ன ஜுரமென்று பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஜிப்சம் போட்டு நல்ல பலன் கண்டவர்கள் உண்டு. அதே அளவு போட்டும் யாதொரு பிரயோஜனமும் காணாமல், பணமும் ஒரு போகமும் போயிற்றென்று வருந்துவோரும் உண்டு. இருவர் சொல்லுவதும் மெய்யே. இருவருடைய நிலமும் ஒரே ஜாதியன்று என்பதே காரணம். தமிழில் இவ்விரண்டு ஜாதி நிலங்களுக்கும் களர் என்றும் உவர் என்றும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. பேச்சு வழக்கில் ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு மாற்றிச் சொல்லுவது சகஜமாகிவிட்டது. ரஸாயன சாஸ்திரம் அப்பெயர்களுக்குத் திட்டமான பொருள் கொடுத்திருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் என்ற தலைப்பில் என்ன படிக்கிறார்களோ அதுவே போதுமானது. பிள்ளை அதைப் பரீக்ஷைக்காக மனப்பாடம் செய்கிறான். தகப்பனாரோ அது தம் வயலைப் பற்றிய பாடமென்று எண்ணுவதில்லை.

அமிலம், காரம், உப்பு

புளியிலும் எலுமிச்சம்பழத்திலும் புளித்த மோரிலும் உள்ள புளிப்புக்குக் காரணமான பொருள்களை அமிலங்கள் என்பர். கந்தகத் திராவகம் என்று முன்னாளில் வழங்கிய கந்தக அமிலம் இவ்வினத்தில் மிகவும் வலியது. இதற்கு நேர் எதிரான குணமுடையவை காரங்கள். பழைய நூல்களில் க்ஷாரம் என்றிருக்கும். மிளகாயின் காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீற்றிய சுண்ணாம்பு ஒரு காரம். விறகுச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரிலும் காரகுணம் உண்டு. விரலிடையில் தேய்த்தால் வழுவழுப்பாயிருக்கும். ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் என்னும் சாஸ்திரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விரண்டின் தன்மையையும் விளக்கினார். நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் அயனியை வெளிவிடுவது அமிலம். ஹைட்ராக்சில் அயனியை வெளிவிடுவது காரம். அயனி என்பது மின்னேற்றம் பெற்ற அணு, அல்லது அத்தகைய அணுக்களின் தொகுதி. அமிலத்தையும் காரத்தையும் தக்க அளவில் கலந்தால் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் சேர்ந்து வெறும் நீராகிவிடும். எஞ்சிய பகுதிகள் ஒன்றுசேர்ந்து உப்பாகும்.

ஆகவே உப்பு என்பது சமையலுப்பு ஒன்றின் பெயரன்று. ஒரு பெருங் குடும்பத்தின் பெயர். ஒவ்வோர் உப்புக்கும் தாய் தந்தையாக ஒரு காரமும் ஓர் அமிலமும் உண்டு. பெற்றோரில் வலியவர் எவரோ அவருடைய குணமே பிள்ளைக்கு வரும். சமையலுப்புக்குப் பெற்றோர் இருவரும் வலியவர்கள். காரப் பக்கம் சோடியம் ஹைட்ராக்சைடு, அமிலப் பக்கம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இருவரும் சமமாகையால் பிள்ளை நடுநிலையானது. சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டுக்கோ காரம் வலியது. அமிலம், சோடாத் தண்ணீரில் உள்ள கரியமிலம் என்னும் மெலிந்த ஒன்று. ஆகையால் சலவைச் சோடா உப்பாயிருந்தும் காரகுணம் மிகுந்தது. அம்மோனியம் சல்பேட்டில் இது தலைகீழ். காரம் மெலிந்தது, அமிலம் வலிய கந்தக அமிலம். அவ்வுரம் நிலத்தைப் புளிப்பாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிப்சத்துக்குக் காரப் பக்கம் சுண்ணாம்பு, அமிலப் பக்கம் கந்தக அமிலம். பெற்றோர் ஏறக்குறையச் சமபலமுள்ளவராதலால் ஜிப்சம் நடுநிலை உப்பு. வயலின் விஷயம் முழுவதும் இந்த ஒரு பாராவில் அடங்கியிருக்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

அமில காரங்களின் அளவைக் குறிக்க டென்மார்க் தேசத்து ஸோரென்ஸன் 1909-இல் ஓர் அளவுமுறையை ஏற்படுத்தினார். அதுவே மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். என்றோ கார அமில நிலை என்றோ காணப்படும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒரு நுட்பத்தைக் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டும். ஓர் எண் ஏறினால் காரகுணம் பத்து மடங்கு ஏறுகிறது. 7-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டன்று, நூறு மடங்கு. ஆதலால் 8 என்று வந்த சீட்டையும் 9 என்று வந்த சீட்டையும் 'ஏறக்குறைய ஒன்றுதான்' என்று தள்ளிவிடலாகாது.

மஞ்சளைக் கொண்டு ஒரு பரீக்ஷை

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆலம் கரைக்கும் எந்த வீட்டிலும் அறிவார்கள். சாஸ்திரம் இதனையே நிறங்காட்டி என்கிறது. மஞ்சளின் நிறப்பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவே இருந்து, காரம் மிகுந்தவிடத்தில் சிவப்பாக மாறும். அரைத்த மஞ்சளை வெள்ளைக் காகிதத்தில் தடவி நிழலில் உலர்த்திச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுக. மூன்று கிண்ணங்களில் சமையலுப்புக் கரைசல், சலவைச் சோடாக் கரைசல், தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகியவற்றை வைத்து அவற்றில் ஒவ்வொரு துண்டு தோய்த்துப் பார்த்தால், முதலாவது மாறாதிருக்கும். மற்றை இரண்டும் சிவக்கும். முதற் கிண்ணம் உவர். இரண்டாவது கிண்ணம் களர். வேற்றுமை இவ்வளவே.

இனி வயல் மண்ணில் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் கழித்துக் காகிதத்தைத் தோய்க்கலாம். சிவந்தால் களர் என்று பெரும்பாலும் நிச்சயிக்கலாம். சிவக்கவில்லையென்றால் களர் இல்லையென்று முடிவு கட்டிவிடக் கூடாது. சற்றே காரமான மண்ணில் மஞ்சள் தெளிவாக மாறுவதில்லை. கிணற்று நீரைக் கொண்டு கலக்குவதும் தவறு, நீரிலுள்ள காரமே காகிதத்தைச் சிவக்க வைத்துவிடக்கூடும். செம்பருத்திப் பூவைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு இன்னும் சிறந்தது. அது அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பசுமையாகவும் மாறி இருபுறமும் செய்தி சொல்லும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. சலவைத் தொழிலாளர் முற்காலத்தில் துணி வெளுக்க எடுத்துச் சென்ற மண்ணுக்கு உவர்மண் என்றே பெயர். அழுக்கிலுள்ள எண்ணெய்ப் பசையைப் போக்குவது அம்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட். சாஸ்திரப்படி அது களர்மண். சமையலுப்புப் பூத்த மண்ணால் ஒரு துணியும் வெளுக்காது. பெயர் மாறியிருந்தாலும் எந்த மண் எதற்கு உதவும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

களிமண்ணின் பிடிப்பு

களர் நிலத்தின் கேடு காரகுணத்தோடு நிற்பதில்லை. மண் கெட்டிப்பட்டு, நீர் இறங்காமல், உலர்ந்தால் கல்லாகவும் நனைந்தால் கூழாகவும் ஆகிவிடுகிறதே, அது ஏன்? இதற்கு விடை கண்ட சரித்திரம் விவசாயிகளுக்கு உகந்தது. ஏனெனில் முதற் சோதனையைச் செய்தவர் ஒரு நிலச்சுவான்தாரர். இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த தாம்ஸன் என்பவர், தொழுவுரத்தின் அம்மோனியா மழையில் கரைந்து வீணாகிறதா என்று அறிய விரும்பினார். ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்த நீரில் அம்மோனியா அநேகமாக இல்லை. கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், இருந்தது. மண் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு தன்னிடமிருந்த கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டது. 1850-இல் இச்செய்தி வெளிவந்தது; வே என்னும் ரஸாயன சாஸ்திரி இதை விரிவாக ஆராய்ந்து, இது களிமண்ணின் இயல்பான குணமென்று காட்டினார்.

களிமண் துகள்கள் எதிர் மின்னேற்றம் உடையவை. நேர் மின்னேற்றமுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம், அம்மோனியம் முதலிய அயனிகள் அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவை ஒன்றையொன்று வெளியேற்றி இடம் மாற்றிக்கொள்ளும். கால்சியத்துக்கு இரண்டு மின்னேற்றம், சோடியத்துக்கு ஒன்றே. கால்சியம் மிகுந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொலபொலவென்று கட்டிகளாக நிற்கும். இடையில் நீரும் காற்றும் செல்லும். சோடியம் மிகுந்தால் துகள்கள் விலகி நீரில் மிதந்து, சிறு துவாரங்களையெல்லாம் அடைத்துவிடும். ஒட்டியுள்ள அயனிகளில் 100-க்கு 15 பங்குக்கு மேல் சோடியமாயிருந்தால் அதைக் களர் என்று சாஸ்திரிகள் வகுத்திருக்கிறார்கள், பி.எச். பெரும்பாலும் 8.5-க்கு மேலிருக்கும். உவர் நிலத்திலோ சோடியத்தின் பங்கு அதற்குக் குறைவு. ஆனால் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவு அதிகம். அதை மின்கடத்தும் திறனால் அளப்பர். மண்சாற்றில் 4 டெசி சைமன் என்பது எல்லை. உப்பு மிகுந்த நீரைப் பயிரின் வேர் உறிஞ்ச முடியாது. ஊறுகாய்ச் சாடியில் மாங்காய் சுருங்குவது எதனாலோ, உவர் நிலத்தில் பயிர் வாடுவதும் அதனாலேயே.

இதைக் கண்ணாரக் காண ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். உலர்ந்த மண் ஒரு பிடியைப் போட்டு மழைநீர் ஊற்றிக் குலுக்கி ஓரிரவு அசையாமல் வைக்க வேண்டும். காலையில் மேல்நீர் தெளிந்திருந்தால் களரின் அடையாளம் இல்லை. உவர் மண்ணில் மிகச் சீக்கிரம் தெளியும். நீர் கலங்கலாகவே நின்றால், சோடியம் துகள்களைப் பிரித்து வைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மஞ்சள் காகிதமும் சிவந்து போத்தலும் தெளியவில்லையென்றால், அந்த வயலின் மண்ணைத் தாமதமின்றிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது சிலாக்கியம்.

ஜிப்சத்தின் வரவு செலவு

களர் மண்ணில் ஜிப்சம் இடும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டும் ஜிப்சமும் தம் பங்குகளை மாற்றிக்கொண்டு, கால்சியம் கார்பனேட்டாகவும் சோடியம் சல்பேட்டாகவும் ஆகின்றன. ரஸாயனத்தில் கணக்கு ஒருபோதும் தவறாது. எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 106 பங்கு சோடியம் கார்பனேட்டும் 172 பங்கு ஜிப்சமும் சேர்ந்தால் செலவு 278. வரவில் 100 பங்கு கால்சியம் கார்பனேட், 142 பங்கு சோடியம் சல்பேட், ஜிப்சத்தில் அடங்கியிருந்த நீர் 36 பங்கு, ஆக 278. கால்சியம் கார்பனேட் கரையாத சுக்கானாய்த் தங்கிவிடும், கெடுதி செய்யாது. சோடியம் சல்பேட்டோ நீரில் எளிதில் கரைந்துபோகும். இரண்டாவது காரியம் தாம்ஸன் கண்டதே: ஜிப்சத்தின் கால்சியம் களிமண்ணில் ஏறி உட்கார, சோடியம் இறங்கி நீரோடு கலக்கிறது.

இவ்விரண்டிலும் கடைசியில் எஞ்சும் சோடியம் சல்பேட் வயலை விட்டு வெளியேறினால்தான் வேலை முடிந்ததாகும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது, குப்பையைக் கூட்டி அறையின் நடுவிலேயே குவித்து வைப்பது போன்றது. ஏரிப் பாசன வயல்களில் வடிகால் வாய்க்கால்கள் தூர்ந்தும் மனைகளால் மறிக்கப்பட்டும் கிடப்பது இப்பகுதியில் பெரிய குறை. அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின் வயல்கள் வீடுகளாகவும் பட்டறைகளாகவும் மாறியதை அனைவரும் அறிவர். அவ்வாறு மாறிவரும் இடங்களில் எஞ்சியுள்ள நிலக்காரர் ஒருவரால் மட்டும் வடிகாலைத் திறந்துவிட முடியாது. கிராம அதிகாரிகள் தங்கள் புலப்படத்தில் வாய்க்காலாகக் குறிக்கப்பட்டிருப்பது தரையிலும் வாய்க்காலாக இருக்கிறதா என்று பார்த்து வைப்பது, பல டன் ஜிப்சத்துக்குச் சமமான உதவி.

ஜிப்சம் எவ்வளவு வேண்டும் என்பதை மண்ணில் வெளியேற்ற வேண்டிய சோடியத்தின் அளவே தீர்மானிக்கும். 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லி ஈக்விவலென்ட் சோடியத்தை அகற்ற, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 700 கிலோ தூய ஜிப்சம் பிடிக்கும். அத்தகைய மூன்றை அகற்ற வேண்டுமானால் இரண்டு டன்னுக்கு மேலாகும். நெல்லுக்கு, பரிசோதனைச் சாலை கூறும் தேவையில் பாதியை முதலில் இட்டாலே போதுமென்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் சிபாரிசு. பக்கத்து வயல்காரர் போட்ட மூட்டைக் கணக்கு நம் வயலுக்குப் பொருந்துமென்று நம்ப யாதொரு முகாந்தரமும் இல்லை.

அடுத்தது நீர். ஜிப்சம் எளிதில் கரையும் பொருளன்று. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம்தான் கரையும். ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் நிறுத்தினால் அது சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். அதில் கரையக்கூடியது ஏறக்குறைய 250 கிலோ. ஒரு டன் கரைய நான்கு அங்குலம் நீராவது மண்ணூடே இறங்க வேண்டும். மேலாகத் தூவிவிட்டு ஒரு தூறலை நம்பியிருந்தால் ஜிப்சம் வெள்ளைத் தூளாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, தூளாக்கிய ஜிப்சத்தை மேலாக உழுது கலந்து, நீர் நிறுத்தி, சில நாள் கழித்து வடித்துவிட்டு, மறுபடியும் நிறுத்துவதே முறை. அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல், அல்லது ஏக்கருக்கு இரண்டு டன் பசுந்தழை மிதித்தல், நடவுக்கு இரண்டு வாரம் முன்பாக நடைபெற வேண்டும். தழை மக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, மண்ணில் கரையாமல் கிடக்கும் சுக்கானைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கால்சியம் கொடுக்கும். செலவில்லாமல் கிடைக்கும் ரஸாயனம் இது. களரைத் தாங்கும் நெல் வகைகளில் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை பெயர் பெற்றவை. காரம் மிகுந்த மண்ணில் துத்தநாகம் கரையாமல் போவதால் துத்தநாக சல்பேட்டையும் சாதாரண நிலத்தைவிட அதிகமாக, ஏக்கருக்கு 15 கிலோ வரை, இட வேண்டியிருக்கும்.

'கால்சியம்தானே வேண்டும், சுண்ணாம்பையே போட்டுவிட்டால் செலவு குறையுமே' என்று யோசிப்போர் உண்டு. இதுதான் மிகவும் அஞ்சத்தக்க யோசனை. சுண்ணாம்பிலும் ஜிப்சத்திலும் கால்சியம் இருப்பது மெய்; ஆனால் முன்னது காரம், பின்னது நடுநிலை உப்பு. ஏற்கனவே காரம் ஏறிய மண்ணில் மேலும் காரத்தைக் கொட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகும்.

உவரின் சிகிச்சை

உவர் நிலத்தில் வெளியேற்ற வேண்டியது கரைந்துள்ள உப்பு. அது ஏற்கனவே கரைந்திருப்பதால் அதைக் கரைக்க மருந்து வேண்டியதில்லை. நல்ல நீரும் வடிகாலும் மட்டுமே வேண்டும். இங்கே ஜிப்சம் இடுவது உப்போடு உப்பைச் சேர்ப்பதே. நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே உவருக்குப் பிரசித்தமான உதாரணம் பொன்னேரி தாலூக்காவில் மீஞ்சூரைச் சுற்றிய பகுதி. 1960-களின் இறுதியிலிருந்து நகரத்துத் தேவைக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கே நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால், நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போயின. கடலுப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு, நடுநிலை உப்பு. அங்கே மஞ்சள் காகிதம் மாறாதிருந்தால் வியப்பில்லை. கடலுக்கு வெகு தூரத்திலுள்ள நேமம், வெள்ளவேடு, திருநின்றவூர்ப் பக்கத்து வயலில் வெண்மை பூத்தால், மீஞ்சூர்க்காரர் செய்த சிகிச்சையை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்விரண்டும் கலந்த மூன்றாவது ஜாதி ஒன்றுண்டு, உவர்களர் என்பர். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உப்பு மிகுதியாயிருக்கும்வரை களித்துகள்கள் பிரியாமல் நிலம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். போத்தல் நீரும் தெளியும். அதை வெறும் உவரென்று எண்ணி நன்னீர் பாய்ச்சிக் கழுவினால், கரைந்த உப்பு போய்விடும். களிமண்ணில் ஒட்டிய சோடியம் போகாது. உடனே துகள்கள் பிரிந்து நிலம் இறுகி, முன்னிருந்ததைவிடக் கேடாகும். ஆகவே இங்கே ஜிப்சம் முதலில், கழுவுதல் பிறகு. வரிசை மாறினால் வயலே போய்விடும்.

கிணற்று நீரையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். நிலத்தைச் சீர்திருத்திவிட்டு, பைகார்பனேட் மிகுந்த ஆழ்குழாய் நீரையே மறுபடியும் பாய்ச்சினால், அது மண்ணிலுள்ள கால்சியத்தைச் சுக்கானாகப் படியச் செய்து, சோடியத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். நீர்ப் பரிசோதனைச் சீட்டில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஓர் எண் இருக்கும். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலென்டுக்குக் கீழிருந்தால் பயமில்லை, 2.5-க்கு மேலிருந்தால் அப்படியே பாய்ச்சக் கூடாது. மேலதிகமாயுள்ள ஒவ்வோர் ஈக்விவலென்ட் எண்ணுக்கும், ஏக்கரில் ஓரங்குலப் பாய்ச்சலுக்கு 9 கிலோ ஜிப்சம் வீதம் கணக்கிட்டு, வாய்க்காலில் கோணிப்பையில் கட்டிவைத்து அதன்மேல் நீர் ஓடும்படி செய்யலாம். ஏரித் தண்ணீர் கிடைக்கும் காலத்தில் அதனோடு கலந்து பாய்ச்சுவது அதனினும் மலிவு.

உரங்களைக் கலப்பதில் எச்சரிக்கை

அமில கார ஞானம் மேட்டு நிலக்காரருக்கும் உதவும். அம்பத்தூர், ஆவடி மேடுகளிலும் செங்குன்றத்திலும் காணும் செம்புறாங்கல் கலந்த செம்மண்ணில் கால்சியம் குறைவு. அமிலப் பக்கம் சாயும் இயல்புடையது. அங்கே ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட்டே இட்டுவந்தால் அமிலம் ஏறும். அவ்வுரம் 100 கிலோ உண்டாக்கும் அமிலத்தைச் சமப்படுத்த 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டுமென்பது கணக்கு. சுண்ணாம்புக்கு உரிய இடம் இதுவே, களர் வயலன்று. களர் வயலிலோ அதே அம்மோனியம் சல்பேட்டின் புளிப்பு நன்மையாகிறது. யூரியா மண்ணில் மாறும்போது முதலில் அம்மோனியம் கார்பனேட் ஆவதால், காரமான மண்ணின் மேலாகத் தூவினால் அதன் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். விலை கொடுத்து வாங்கிய உரம் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் நஷ்டமும் தெரிவதில்லை.

அந்த நஷ்டத்தை மூக்கால் அறியலாம். அம்மோனியம் சல்பேட் ஒரு சிட்டிகை, நீற்றிய சுண்ணாம்பு ஒரு சிட்டிகை, இரண்டு சொட்டு நீர் ஆகியவற்றை வெளித் திண்ணையில் ஒரு ஓட்டில் கலந்து, முகத்தைத் தூரத்தில் வைத்துக்கொண்டு கையால் காற்றைத் தள்ளி முகர்ந்து பார்க்கவும். மூக்கைத் துளைக்கும் நாற்றமே தாங்கள் வாங்கிய தழைச்சத்து. வலிய காரம் மெலிந்த காரத்தை உப்பிலிருந்து விரட்டுகிறது. இதனால் அம்மோனியம் சல்பேட்டையும் டி.ஏ.பி.யையும் சுண்ணாம்போடோ புதுச் சாம்பலோடோ கலந்து வைக்கலாகாது.

சூப்பர் பாஸ்பேட்டுக்கும் இதே விதி, வேறு காரணத்தால். பாறையிலும் எலும்பிலுமுள்ள மணிச்சத்து நீரில் கரையாது; கந்தக அமிலம் விட்டால் கரையும் உருவம் பெறும். இங்கிலாந்தில் 1842-இல் லாஸ் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் அருகில் ராணிப்பேட்டையில் 1906-இல் பாரி கம்பெனியார் இதற்கான தொழிற்சாலையை நிறுவினர். இந்தியாவில் அதுவே முதலாவது. கரையாததைக் கரையச் செய்யத்தான் அவ்வளவு அமிலச் செலவு. அத்தகைய உரத்தைச் சுண்ணாம்போடு கலந்தால் அது பழையபடி கரையாத உருவத்துக்கே திரும்பிவிடும். மேலும் அவ்வமிலம் பாறையோடு சேரும்போது ஜிப்சமும் உண்டாகி உரத்திலேயே தங்கிவிடுகிறது. சூப்பர் பாஸ்பேட்டில் ஏறக்குறையப் பாதி ஜிப்சமே. நிலக்கடலை போடுகிறவர்கள் அதனை விரும்பி வாங்குவதற்கு மணிச்சத்தோடு இந்தக் கால்சியமும் கந்தகமும் காரணமாகும்.

மாதிரி எடுக்கும் விதம்

மஞ்சளும் போத்தலும் சந்தேகத்தை எழுப்பும்; மூட்டைக் கணக்கைச் சொல்ல மாட்டா. அதற்கு மண் மாதிரி வேண்டும். வயல் காய்ந்திருக்கும்போது, வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல், வாய்க்கால் முகம் இவற்றை விலக்கி, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை மட்டும் நீக்கி, ஆறங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவாகக் குழி வெட்டி, குழியின் சரிவில் மேலிருந்து கீழாக ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வெண்மை பூத்த திட்டையும் நல்ல பயிருள்ள இடத்தையும் ஒன்றாகக் கலக்காமல் இரண்டு தனி மாதிரிகளாக எடுத்தால், நோயுள்ள இடமும் இல்லாத இடமும் சீட்டிலேயே ஒப்பிட்டுத் தெரியும். களர் என்று சந்தேகமிருந்தால் ஓரடி, இரண்டடி ஆழத்து மண்ணும் தனித்தனியே வேண்டும். அடியில் இறுகிய படிவம் இருந்தால் நீர் எங்கும் வடியாது. எடுத்ததை நிழலில் உலர்த்தி, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ ஆகும்வரை குறைத்துத் துணிப்பையில் கட்டவும். உரம் வந்த கோணியில் ஒருபோதும் உலர்த்தவோ கட்டவோ வேண்டாம். அதிலுள்ள ஒரு சிட்டிகை உரமே சீட்டின் எண்களைப் பொய்யாக்கிவிடும். நீர் மாதிரிக்கு மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் மும்முறை அலம்பிய சுத்தமான போத்தலில் ஒரு லிட்டர் நிரப்பி, அன்றோ மறுநாளோ சேர்ப்பித்தல் நலம். பையிலும் போத்தலிலும் சொந்தக்காரர் பெயர், கிராமம், புல எண், பாசன ஆதாரம், முன் விளைந்த பயிர், அடுத்து வைக்க உத்தேசிக்கும் பயிர், வடிகால் உண்டா இல்லையா என்ற விவரங்களைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் கட்டி அனுப்பவும். மையால் எழுதினால் ஈரத்தில் அழிந்துபோகும்.